பவுடர் பால் குடுத்தா குழந்தை காட்ல (பேபி கட்டில்ல) தூங்கிடும்ங்கறது தப்பு
ஒருத்தங்க, தாய்ப்பால் குடிக்கற குழந்தை காட்ல தூங்கவே தூங்காது, ராத்திரி ஒரு பாட்டில் பவுடர் பால் குடுத்து கடுகு தலகாணி வச்சு படுக்க போடுங்கன்னு போட்டிருக்காங்க, தயவுசெஞ்சு இத ஃபாலோ பண்ணாதீங்கப்பா. தாய்ப்பால் சீக்கிரம் செரிச்சிடும், அதனால ராத்திரி முழிச்சு கேக்கறது நார்மல், பால் பத்தலன்னு அர்த்தமில்ல. ராத்திரி ஃபீட நிறுத்தினா பால் சுரப்புதான் குறையும், சுரக்க வைக்கற புரோலாக்டின்ங்கற ஹார்மோன் ராத்திரிலதான் அதிகம்.

காட்ல வச்சதும் முழிக்கறதுக்கு காரணமே வேற. கண்ண மூடினதும் பச்சக்குழந்தைக்கு முதல்ல வர்றது லேசான தூக்கம், இமை துடிக்கும், வாய் சப்புக்கொட்டும், கை இறுக்கி மூடியிருக்கும், அப்ப போய் கீழ வச்சீங்கன்னா வீல்னு கத்தத்தான் செய்யும். ஒரு 15, 20 நிமிஷம் மடியிலயே வச்சிருந்து, கைய தூக்கி விட்டா தொப்புனு விழற அளவுக்கு தளர்ந்தப்புறம் மெதுவா வைங்க, புட்டம் மொதல்ல, தல கடைசில, அப்படியே கொஞ்ச நேரம் நெஞ்சுமேல கை வச்சிருங்க.

மல்லாக்க மட்டும்தான் படுக்க வைக்கணும். கடுகோ பஞ்சோ, ஒரு வயசு வரைக்கும் தலகாணியே வேணாம், மூச்சு முட்டற ரிஸ்க் இருக்கு (தல உருண்டையா வரும்னு பாட்டி சொல்லுவாங்க, சொல்லட்டும்). 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது, டாக்டரே பாத்து பவுடர் பால் எழுதிக்குடுத்தா அது வேற கதை.