"மச்சான், இன்னும் ஒண்ணே ஒண்ணு!" இத்தாலி டூர்ல கூட வந்த நண்பன் போட்டோவுக்காக நாள் பூரா சொன்னது இதுதான்.

ஃப்ளோரன்ஸ் வரைக்கும் போயிட்டு போட்டோ எடுக்காதேன்னா சொல்றேன்? எடுங்க. ஆனா பொன்டே வெக்கியோ பாலத்துல ஒரே ஆளுக்கு நாற்பது போட்டோவா? "கண்ணை மூடிட்டேன்." "பின்னாடி யாரோ வந்துட்டாங்க." "முடி சரியில்லடா, இன்னும் ஒண்ணு." 1345ல கட்டின பாலம், 1966 வெள்ளத்தையே தாங்கி நிக்குது. எனக்குத்தான் தாங்கல.

கதீட்ரல் குவிமாடத்துக்கு 463 படி. லிஃப்ட் கிடையாது. நேரம் குறிச்சு முன்பதிவு பண்ணித்தான் ஏறணும். பண்ணியிருந்தோம். ஆனா நம்ம ஐயாவுக்கு ஜெலாட்டோவும் (இத்தாலி ஐஸ்க்ரீம்) குவிமாடமும் ஒரே ஃப்ரேம்ல வரணுமாம்! அது உருகி முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. அதைக் கழுவப் பத்து நிமிஷம். வாசல்ல இருந்த அம்மா டிக்கெட்டைப் பார்த்தாங்க, வாட்சைப் பார்த்தாங்க, தலையை ஆட்டிட்டாங்க. அவ்வளவுதான், போச்சு.

அப்புறம் சதுக்கத்துல டேவிட் சிலை முன்னாடி நின்னு, "மைக்கேலாஞ்சலோவையே பார்த்தாச்சு"ன்னு ஸ்டேட்டஸ். டேய், அது நகல்! அவர் செதுக்கின அசலை 1873லயே மியூசியத்துக்குள்ள கொண்டுபோய் வெச்சுட்டாங்க.

ராத்திரி ரூம்ல சாவகாசமா கேக்கறான்: "ஏன்டா, உன் போட்டோ ஒண்ணுகூட இல்ல?"

எப்படிடா இருக்கும்? நாள் பூரா போனைப் பிடிச்சுட்டு நின்னதே நான்தானே!