வலி மாத்திரையும் தடைப்பட்டியலும்

மேல ஒருத்தர் வலி மாத்திரை எதுவுமே ஊக்கமருந்து தடைப்பட்டியல்ல கிடையாது, பிளேயர்ஸ் எதை வேணா போட்டுட்டு இறங்கலாம்னு எழுதிருக்காரு, அதை நிறைய பேர் ஷேர் வேற பண்றீங்க. பாதி சரிதாங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எல்லாம் பட்டியல்ல இல்ல.

ஆனா டிரமடால்ங்கிற வீரியமான வலி மாத்திரை இருக்கு. 2024 ஜனவரி 1ல இருந்து போட்டி சமயத்துல அதுக்குத் தடை. மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனைல்லாம் அதுக்கு முன்னாடியே தடைதான். போட்டி சமயம்னா விசில் அடிச்சதுக்கு அப்புறம்னு நினைச்சுக்காதீங்க, பொதுவா முந்தின நாள் ராத்திரி 11.59லயே ஆரம்பிச்சுடும்.

சைக்கிளிங்ல இது இன்னும் பழசு, யூசிஐ (சர்வதேச சைக்கிளிங் சங்கம்) 2019லயே டிரமடாலைத் தடை பண்ணிட்டாங்க. 2022 டூர் டி பிரான்ஸ்ல ஆறாவதா வந்த நைரோ குவின்டானாவோட ரிசல்ட்டையே இதுக்காகத்தான் தூக்குனாங்க (அப்போ அது ஊக்கமருந்து கேஸா இல்ல, மெடிக்கல் ரூல் மீறல், அதனால தடை காலம் எதுவும் போடல).

நான் சொல்றதை நம்ப வேணாம், இந்தப் பட்டியலைப் போடுற வாடா (WADA, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) சைட்ல ஒவ்வொரு வருஷப் பட்டியலும் ஃப்ரீயா கிடைக்குது, அதுல எஸ்7 நார்கோடிக்ஸ் பகுதியைத் திறந்து பாருங்க, சின்ன லிஸ்ட்தான். மாத்திரை அட்டைல பெருசா இருக்க பிராண்ட் பேரை வெச்சு தேடாதீங்க, கீழ பொடி எழுத்துல மூலப்பொருள் பேர் இருக்கும், அதை வெச்சு தேடுங்க. சில வலி மாத்திரைல பாராசிட்டமாலோட டிரமடாலும் சேர்ந்தே வருது.