ஹைதராபாத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தில் ஆடும் சென்னையின் எஃப்சியின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சிறிது நேரத்துக்குள் ஒரு பழைய குறையில் வந்து நின்றுவிடும். நம் அணி பார்க்க அழகாக ஆடுவதில்லை என்பதுதான் அந்தக் குறை. கோவாக்காரர்களைப் போலக் குட்டிக் குட்டிப் பாஸ்களால் மைதானத்தில் கோலம் போடத் தெரியாது, பின்னால் நின்று தடுப்போம், இடம் கிடைத்தால் ஓடுவோம், மிச்சத்துக்குக் கார்னரை நம்புவோம் என்று நம்மவர்களே சலித்துக்கொள்வார்கள். இந்தச் சலிப்பை நான் என்றுமே ஏற்றுக்கொண்டதில்லை.

2017-18 சீசனை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அழகாக ஆடிய அணி பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவின் கோவா. கோரோமினாஸ் மட்டும் 18 கோல் போட்டார். அரையிறுதியின் முதல் ஆட்டம் 1-1 என முடிய, சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் நம் பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் அணி அவர்களை 3-0 என்று வென்றது. ஜெஜெ இரண்டு கோல், நம் ஊர்ப் பையன் தன்பால் கணேஷ் ஒன்று. அடுத்து மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதிப் போட்டி. லீக் பட்டியலில் நம்மைவிட எட்டுப் புள்ளி கூடுதலாக எடுத்து முதலிடம் பிடித்திருந்த பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்கொண்டோம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டபோது என்னுடன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். பிறகு நம் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை கார்னரில் எழும்பித் தலையால் முட்டினார், இரண்டும் கோல். இடைவேளைக்குப் பின் ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதைச் சேர்க்க, 3-2 என்று கோப்பை நமக்கு வந்தது.

அந்த இரண்டு கார்னர் கோல்களையும் அதிர்ஷ்டம் என்று பெங்களூரு நண்பர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பந்து எந்த உயரத்தில் வர வேண்டும், எதிரணிக் காவலரின் வழியை யார் மறிக்க வேண்டும், மெயில்சன் எந்த நொடியில் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் வாரக்கணக்கில் பழகாமல் ஓர் இறுதிப் போட்டியில் இரண்டு முறை செய்து காட்ட முடியாது. கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு அதை வைத்து வெல்வதும் ஒரு பாணிதான்; என் கண்ணுக்கு அது அழகாகவும் இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே கிரிகரி, அதே பாணி, அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகளுடன் கடைசி இடம். பாணி தேய்ந்துவிட்டது என்று பலர் சொன்னார்கள். நடுக்களத்தைக் காத்துவந்த தன்பால் கணேஷ் காயத்தால் வெளியே இருந்ததைக் கணக்கில் எடுத்தவர்கள் குறைவு. பிறகு 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்து, பட்டியலின் அடியில் கிடந்த அணியைத் தாக்கி ஆடவைத்து, வல்ஸ்கிஸ் 15 கோல் அடிக்க, இறுதிவரை இழுத்துச் சென்றார். கொரோனாவால் காலியாகக் கிடந்த கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம். தோல்வியைவிட அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு வலித்தது. கோய்லும் வல்ஸ்கிஸும் சேர்ந்தே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். 2021-22இல் அந்த ஊருக்கு, பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான லீக் கேடயத்தையும் கோய்ல் வென்று கொடுத்தார். நமக்கு அடுத்து வந்தவரின் சீசனில் 20 ஆட்டங்களில் 11 டிரா. ஆகவே, நம் பாணி அழகற்றது என்பதல்ல என் குறை. எந்தப் பாணியையும் மூன்று ஆண்டு சேர்ந்தாற்போல் நாம் வைத்துக்கொண்டதில்லை என்பதுதான்.

இப்போது மற்ற அணிகளின் கதைக்கு வருகிறேன். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவின் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீகிக்கை எதிர்த்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தின் பாதியிலேயே மைதானத்தை விட்டு வெளியேறி, நான்கு கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் வாங்கியபோது, நாங்கள் நள்ளிரவு தாண்டியும் மீம் போட்டுச் சிரித்தோம். அதற்காக எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவர்களாகவே தேடிக்கொண்டது அது. கொச்சியிலிருந்து எங்களுக்கு வந்த கேலிகளுக்கும் கணக்குண்டு.

ஹைதராபாத் விஷயம் வேறு. 2022இல் கோப்பை வென்ற அணி அது. இறுதிப் போட்டியின் பெனால்டி ஷூட்அவுட்டில் மூன்று உதைகளைத் தடுத்தவர் கட்டிமணி. 2015 இறுதியில் கோவாவின் கோல் காவலராக நின்று, 90ஆவது நிமிடத்தில் பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டு நமக்குச் சமநிலை தந்தவரும், அடுத்த சில நிமிடங்களில் மென்டோசாவிடம் கோப்பையை இழந்தவரும் அவரேதான். ஏழு ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்த அந்த இரவுக்காக நானே மகிழ்ந்தேன். இரண்டே ஆண்டுகளில் அந்த அணியில் சம்பளம் நின்றது, வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், மிஞ்சிய இளைஞர்களை வைத்து ஆடி 2023-24இல் எட்டுப் புள்ளிகளுடன் கடைசியில் முடித்தார்கள். நாங்கள் சிரித்தோம். அந்த சீசன் முழுவதிலும் அவர்கள் வென்றது ஒரே ஆட்டம், அதுவும் எங்களிடம்.

அப்போதே உறைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஓர் அணி நொடித்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, அதே பெயருடன், அதே ஊரில், எத்தனை ஆண்டு ஆனாலும் எழுந்து வர வழியுண்டு. லீட்ஸ் 2004இல் விழுந்து 2020இல் முதல் பிரிவுக்குத் திரும்பியது. கீழே இறங்கும் வழியே இல்லாதிருந்த ஐஎஸ்எல்லில் நொடித்த அணி இடம்பெயர்ந்தது. டெல்லி டைனமோஸ் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா ஆனது. புனே போன இடத்தில் ஹைதராபாத் வந்தது. 2025இல் அந்த ஹைதராபாத்தும் டெல்லி அணியாகிவிட்டது. வீட்டில் மடித்து வைத்திருக்கும் மஞ்சள் சட்டையை அந்த ஊர் ரசிகர் இனி எந்த ஆட்டத்துக்கு அணிந்து போவார்?

2025 ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. லீக்கை நடத்திய நிறுவனம் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துடன் செய்திருந்த பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது, அதற்குப் பின் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை என்பதே காரணம். ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது. ஒடிசா ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. நம் சென்னையின் எஃப்சியும் முதன்மை அணியின் வேலைகளை நிறுத்தியது. சூப்பர் கோப்பைக்கு வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லாமல் போய், ஈஸ்ட் பெங்காலிடம் நான்கு கோல் வாங்கித் திரும்பினோம். அன்றிரவு கொல்கத்தாக்காரர்கள் போட்ட மீம்களில், ஹைதராபாத்துக்காக நாங்கள் போட்டவற்றின் சாயல் அப்படியே இருந்தது. நவம்பர் 7 அன்று லீக்கின் வணிக உரிமைக்கான டெண்டர் முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று தெரியாத அந்த நிலையில், ஒரு நாள் எங்கள் ரசிகர் குழுவில் ஒருவர், அப்போதைய நம் பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டா வரும் சீசனில் கார்னர்களை யாரிடம் கொடுப்பார் என்று கேட்டு வைத்தார். மறுநாளைக்குள் நாற்பத்துச் சொச்சம் பதில்கள் வந்திருந்தன. சண்டை அப்போதும் முடியவில்லை.