மரம் நட்டால் போதாது, அடுப்புக்கு வழி வேண்டும்
வட கொரியாவின் காடழிவு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அங்குள்ள மலைகள் மொட்டையானதற்கு ஆட்சி மட்டுமே காரணம் என்று முடித்துவிடுகிறது. ஆட்சியின் தவறு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அடுப்பை மறந்துவிட்டீர்களே.

தென் கொரியாவின் சியோலில் வேலை பார்த்தபோது எல்லையோர நகரமான பாஜுவில் உள்ள ஒடுசான் மலைக்குப் போயிருக்கிறேன். அங்கே தொலைநோக்கியில் பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் வட கொரியா. நான் நிற்கும் பக்கம் பச்சை. எதிரே உச்சி வரை உழுத சரிவுகள், இடையில் காய்ந்த புல். வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை, மனசு கனத்துப் போனது.

சோவியத் யூனியன் 1991-இல் உடைந்ததும் வட கொரியாவுக்கு வந்த மலிவு எண்ணெயும் உரமும் நின்றுபோயின. பஞ்சம் வந்தது. மக்கள் விறகுக்காக மரத்தை வெட்டினார்கள், சோளம் போட மலைச்சரிவைக் கொத்தினார்கள். 1995-இல் பெருமழை கொட்டியபோது மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. மண் சரிந்து வயலை மூடியது, பசி இன்னும் கூடியது.

தென் கொரியாவும் கொரியப் போருக்குப் பின் மொட்டையாகத்தான் கிடந்தது. 1973-இல் பத்தாண்டுத் திட்டம் போட்டு நட்டார்கள். அதோடு, துளை போட்ட நிலக்கரி உருளை வீட்டு அடுப்புக்கு வந்தது, விறகு தேவைப்படவில்லை. அதனால்தான் நட்ட மரம் நின்றது. சரி, தெற்கும் உத்தமம் இல்லை: 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்காக காரிவாங் மலையின் பழங்காட்டைப் பனிச்சறுக்குப் பாதைக்கு வெட்டினார்களே!

அதே 2018-இல் இரு தரப்பும் வனத்துறையில் கைகோக்க ஒப்புக்கொண்டன. பைன் மரங்களைக் கொல்லும் நோய்க்கு மருந்தும் தெற்கிலிருந்து போனது. அரசியல் கசந்ததும் அதுவும் நின்றது. அந்த மருந்தையாவது மறுபடி அனுப்ப வேண்டும். நோயைப் பரப்பும் பூச்சி எல்லைக்கம்பியைப் பார்த்துப் பறப்பதில்லை.