ஓகஸ்டில் வந்து நின்று ஆறு எங்கே என்று கேட்காதீர்கள்

ஒவ்வொரு வருஷமும் ஜூன் கடைசியில் இது தொடங்கிவிடும். லண்டனிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து, சூரிச்சிலிருந்து எல்லாம் ஒரே மாதிரி மெசேஜ். "அண்ணை, ஓகஸ்ட் முதல் கிழமை வாறம், பிள்ளையளும் வருகினம், வன்னியில ஒரு ஆத்தில தூண்டில் போடோணும், நல்ல இடம் ஒண்டு சொல்லுங்கோ." கூடவே ஒரு படமும் வரும், யாரோ ஒரு வெள்ளைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருப்பார். ஆசையில் பிழையே இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது அதைவிடச் சந்தோஷம். ஆனால் ஓகஸ்டில் வன்னியில் ஆறு இல்லை. மணல் இருக்கிறது, கரையில் மருதமரங்கள் இருக்கின்றன, சில வேளை அந்த மணலை அள்ளிக்கொண்டு போகிற டிப்பரும் இருக்கிறது.

கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் மழை ஆறுகள். ஐப்பசியில் இடியோடு தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் இவற்றின் மொத்தச் சொத்து. தை முடிய ஓட்டம் மெலியும், பங்குனியில் மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும், ஆவணியில் அந்த மடுவிலும் மாடு இறங்கிக் கலக்கிய சேறுதான். அருவியாறு கொஞ்சம் வேறு. அனுராதபுரப் பக்கம் மல்வத்து ஓயா என்ற பெயரில் தொடங்கி 164 கிலோமீற்றர் ஓடி மன்னாரில் கடலில் விழுகிறது, இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு அதுதான். அதிலும் மேலே குளங்கள் மறித்தது போக, தேக்கம் அணைக்கட்டில் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பியது போக, கோடையில் கீழே வந்து சேர்வது சொற்பம். சரி, அப்படியென்றால் மழைக்காலத்தில் ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டால் அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வன்னியில் தூண்டில் என்றால் குளம்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை, தண்ணிமுறிப்பு, அக்கராயன், உடையார்கட்டு, இவை பெரியவை. இவற்றுக்கு நடுவில் ஊருக்கு ஒன்றிரண்டாகச் சின்னக் குளங்கள், எண்ணி முடியாது. (நந்திக்கடலையும் சுண்டிக்குளத்தையும் நான் இதில் சேர்க்கவில்லை. அவை களப்பு, அங்கே மீனும் வேறு சட்டமும் வேறு, சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆகிவிட்டது.) இந்தக் குளங்கள் எதுவும் மீனுக்காகக் கட்டப்பட்டவை இல்லை, நெல்லுக்காகக் கட்டப்பட்டவை. இதை மனதில் வைக்காமல் எந்தப் பயணமும் சரிவராது, ஏனென்றால் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது மேலே பெய்கிற மழையும் கீழே விதைக்கிற கமக்காரரும்தான். உங்கள் லீவு அதில் எங்கேயும் வராது.

வருஷம் இப்படிச் சுற்றும். கார்த்திகை, மார்கழியில் குளம் நிரம்பி வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடுகிற வழி) பாயும். தையில் காலபோக (மழைக்கால நெல்) அறுவடை நெருங்க, வயலுக்குத் தண்ணீர் விடுவது குறையும். மாசி, பங்குனியில் குளம் கிட்டத்தட்ட நிறைந்து நிற்கும், கலங்கல் படிந்து தெளிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், அலைகரையில் (கட்டுக்கு எதிரே தண்ணீர் ஏறி இறங்குகிற கரை) மரத்தடி வரை தண்ணீர் ஏறியிருக்கும். சித்திரை அளவில் சிறுபோகத்துக்கு (கோடை நெல்) துருசு, அதாவது தண்ணீர் விடுகிற மதகு, திறப்பார்கள். அதற்குப் பிறகு குளம் நாளுக்கு நாள் இறங்கும். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்தால் ஆவணி, புரட்டாதி வரை விடாது. அந்தக் காற்றும் வெயிலும் மட்டுமே ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிடும், வயலுக்குப் போவது வேறு கணக்கு. புரட்டாதியில் பல சின்னக் குளங்களின் நடுவில் கிரிக்கெட் விளையாடலாம்.

ஆகவே என்னைக் கேட்டால் மாசியும் பங்குனியும்தான். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, காரணம் பள்ளிக்கூட லீவு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் "வன்னி ஆற்று மீன்பிடிச் சுற்றுலா" என்று ஓகஸ்டுக்கே விளம்பரம் போட்டிருந்தார். எந்த ஆறு என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

திகதி குறிக்கும் முதல் செய்ய வேண்டியது குளத்தின் மட்டத்தைக் கேட்பது. பெரிய குளங்களின் மட்டத்தை அடிக்கணக்கில்தான் எல்லாரும் கதைப்பார்கள். இரணைமடுவின் முழுக் கொள்மட்டம் 36 அடி, புனரமைப்புக்கு முன்னர் 34 அடியாக இருந்தது. மழைக்காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்கிற மட்டம் செய்திகளில் தினமும் வரும், கோடையில் யாரும் அதைப் பற்றி எழுத மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை, அவற்றுக்கு அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பில் ஒருவரைப் பிடித்தால் போதும். கூகிள் மப்பில் நீலமாகத் தெரிகிறது என்று நம்பி வெளிக்கிட்டுவிடாதீர்கள், மப்பில் குளம் எல்லா மாதமும் நீலம்தான்.

அடுத்த கேள்வி, யாரிடம் அனுமதி கேட்பது. இதில்தான் எனக்குக் கோபம் வரும். குளம் எல்லாருக்கும் பொது, ஒரு தூண்டிலுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சிலர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். இந்தக் குளங்களில் அதிகம் கிடைக்கிற திலாப்பியா வெளியிலிருந்து வந்த மீன், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தது. அது தானாகப் பெருகும், அதை விடுவோம். ஆனால் கட்லா, ரோகு போன்ற பெரிய கெண்டைகள் நம் குளத்தில் தானாக இனம் பெருக்காது, அவற்றுக்கு ஓடுகிற பெரிய ஆறு வேண்டும். குளத்தில் ஒரு கட்லா இருக்கிறது என்றால் அதை யாரோ குஞ்சாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை ஊடாகவும் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் ஊடாகவும் நடக்கிற வேலை அது. குஞ்சு விட்டு, மாதக்கணக்கில் காவல் இருந்து, விடியப்புறம் வள்ளத்தில் போய் வலை இழுத்து, சந்தைக்கு ஐஸ் போட்டு அனுப்பித்தான் அந்தக் குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அவர்கள் வளர்த்த மீனை நீங்கள் பொழுதுபோக்காகப் பிடிக்கப் போகிறீர்கள், ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் மறுக்கிறவர்கள் மிகக் குறைவு. "தம்பி, வலை கிடக்கிற பக்கம் மட்டும் போடாதேங்கோ, அங்கால கல்லுக்கட்டடியில இருந்து போடுங்கோ, விடியவே வாங்கோ" என்று இடமும் நேரமும் சேர்த்துச் சொல்வார்கள். எந்த யூரியூப் காணொளியிலும் கிடைக்காத தகவல் அது.

விடியவே வாங்கோ என்பதை அப்படியே கேளுங்கள். வெயில் ஏற ஏற ஆழம் குறைந்த தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, மீன் ஆழத்துக்கோ மர நிழலுக்கோ போய்விடும். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, இவ்வளவுதான் உங்கள் நேரம். இடைப்பட்ட நேரத்தில் குளக்கட்டில் நின்று தூண்டில் போடுவது தலையிடியைத் தேடிக்கொள்வது. ஆனால் பின்னேரத்திலும் ஆசை மிஞ்சி இருட்டும் வரை நிற்கக் கூடாது. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் யானைக்கும் இதே குளம்தான், அதுவும் அலைகரைப் பக்கமாகத்தான் இறங்கும். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. திலாப்பியாவுக்கு மண்புழு, இல்லாவிட்டால் பாணை நனைத்துப் பிசைந்த உருண்டை. கெண்டை வகைக்குத் தவிடும் புண்ணாக்கும். விராலுக்குச் சின்னத் தவளை, அல்லது இப்போது கடையில் விற்கிற ரப்பர் தவளை, தாமரையும் ஆம்பலும் படர்ந்த ஓரத்தில் மெல்ல இழுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிற பளபளக்கிற கரண்டி இரை புல்லிலும் தண்ணீருக்கு அடியில் நிற்கிற பட்டமரக் குற்றியிலும் சிக்கி அறும், பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

விரால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் தெரிந்தால் அதற்குக் கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். எந்த இரையைப் போட்டாலும் பாயும், பசியால் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. அதனால் பிடிப்பது மிகச் சுகம், பிடித்துவிட்டு "மூண்டு கிலோ விரால்" என்று முகநூலில் படம் போடுவதும் சுகம். அந்தப் படத்துக்கு லைக் போடுகிறவர்களுக்குத் தெரியாது, காவல் போனால் அத்தனை குஞ்சும் ஒன்றிரண்டு நாளில் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். தயவுசெய்து குஞ்சோடு நிற்கிற விராலை விடுங்கள். தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையையும் விடுங்கள், அது தடைசெய்யப்பட்ட வலை, "ஆரும் கேக்கேல்லை" என்பது ஒரு நியாயமே இல்லை.

இனி மழைக்காலம். வான் பாயத் தொடங்கினால் மீன் ஓட்டத்துக்கு ஏறும், சனமும் வீச்சு வலையோடும் கரப்போடும் வானடிக்கு ஓடும். ஊர்ச்சனம் ஒரு நாள் சந்தோஷமாகப் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை, அது தலைமுறையாக நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வாகனம் பிடித்து வந்து வானடியில் செல்பி எடுக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா? மேலே இரணைமடுவின் வான் கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் கீழே கனகராயன் ஆற்றில் நிற்கிறவனுக்கு அது தெரிய வரும்போது இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கலங்கல் ஓட்டத்தில் தூண்டிலும் எடுபடாது. மேலதிகமாக எலிக்காய்ச்சல் பரவுகிற காலமும் அதுதான், காலில் புண்ணோடு வயல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய குளங்களில் முதலை உண்டு, முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், மீனைக் கழுவிய இடத்திலேயே பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். துருசடியில் நீந்தவே கூடாது. புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும், சப்பாத்துப் போடுங்கள். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை, ஆகவே ஆட்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டுக் குறுக்கு வழி தேடாதீர்கள், சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், விளங்காத இரும்புச் சாமான் எதையும் பிள்ளைகள் தொட விடாதீர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை வாகனத்தில் ஏறும் முன்பே சொல்லுங்கள், குளத்தடியில் வைத்துச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

ஐஸ். இதை ஒருவரும் திட்டமிடுவதில்லை. மீனைச் சொப்பிங் பையில் கட்டி மோட்டார் சைக்கிள் ஹான்டிலில் தொங்கவிட்டால் மாங்குளம் சந்தி தாண்டும் முன்பே மணக்கும். ஒரு ரெஜிபோம் பெட்டி, மீனுக்குச் சமமான நிறைக்கு ஐஸ், பிடித்த கையோடு குடலை எடுத்துவிடுவது, இவ்வளவுதான் விஷயம். ஐஸை ஏ9 வீதியில் ரவுனிலேயே வாங்கிவிடுங்கள், குளத்தடியில் கிடைக்காது. குடிக்கிற தண்ணீரும் அப்படித்தான், ஆளுக்கு மூன்று நாலு லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். சோடாப் போத்தலை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். பியர் ரின்னைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, குளக்கட்டில் நசுங்கிக் கிடக்கிற ரின்களே சொல்லும்.

"எங்களுக்கு ஓகஸ்டில்தான் லீவு, என்ன செய்வது?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு. வாருங்கள், ஆனால் ஆற்றையும் சின்னக் குளத்தையும் விட்டுவிடுங்கள். பெரிய குளம் ஒன்றை எடுங்கள், தண்ணீர் இறங்கியிருக்கும், மீன் ஆழமான இடத்தில் ஒதுங்கியிருக்கும், அந்த இடத்தில்தான் சங்கத்து வலைகளும் கிடக்கும், ஆகவே அவர்கள் காட்டுகிற இடத்திலிருந்து போடுங்கள். சோளகம் பிடிக்கிற நேரம் என்பதால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடிய கரையாகப் பாருங்கள், எதிர்க்கரையில் அலை அடித்து மிதப்பு நிற்காது, எட்டு மணிக்குப் பிறகு காற்று இன்னும் ஏறும். கட்டுக்கரையும் வவுனிக்குளமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்திடமும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் சிக்கவில்லையென்றால் வள்ளம் கரைக்கு வரும் நேரம் நின்று சங்கத்திடமே நாலு கிலோ திலாப்பியாவைக் காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாமல். அடுத்த வருஷம் இரண்டு கிழமை லீவை மாசிக்கு மாற்ற முடியுமென்றால் இப்போதே இன்பொக்ஸில் எழுதுங்கள், ஓகஸ்டுக்கு இடம் கேட்டு வருகிற மெசேஜுகளுக்கு இனி இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போகிறேன்.