அந்தச் சதவீதம் ஆதாரம் ஆகாது

"கட்டுரையை ஏஐ எழுதியதா என்று கண்டறியும் கருவியில் போட்டால், எத்தனை சதவீதம் ஏஐ என்று காட்டிவிடும், மாணவன் குட்டு வெளிப்பட்டுவிடும்" என்று ஒரு பதிவில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே ஏஐ எழுதியதில் சிக்கியது 26% தான். மனிதர் எழுதியதில் 9% மீது வீண்பழி. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே மூடிவிட்டார்கள்.

இத்தகைய கருவிகள் பலவும் அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கும்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கின்றன; எளிதாக ஊகிக்க முடிந்தால் ஏஐ எழுதியது என்று சந்தேகிக்கின்றன. அப்புறம் என்ன, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளை எளிய சொற்களில் எழுதினால் அதுவே குற்றமாகிவிடுகிறது! சந்தேகம் வந்தால் கூகுள் டாக்ஸில் திருத்த வரலாற்றை (எதை எப்போது எழுதி மாற்றினான் என்ற பதிவை) பாருங்கள்; இல்லையென்றால் "மூன்றாம் பத்தியில் இந்த உதாரணத்தை ஏன் எடுத்தாய்?" என்று அவனையே கேளுங்கள்.