காந்தமும் பட்டன் பேட்டரியும் தானாக வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள்

"கைவினை மேசையில் இருக்கும் சின்னச் சாமான் எதையாவது குழந்தை விழுங்கினால் இரண்டு நாளில் தானாக வந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வயிற்றுக்குள் போய்விட்ட வழவழப்பான மணி பெரும்பாலும் சில நாட்களில் தானாக வந்துவிடும் என்பது சரி. (மூச்சுக்குழாயில் சிக்கினால் அதுவும் ஆபத்துதான்.) காந்தத்துக்கும் பட்டன் பேட்டரிக்கும் இதைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இரண்டு காந்தங்கள் உள்ளே போனால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் நசுங்கும் குடல்சுவர் ரத்த ஓட்டம் இழந்து ஓட்டையாகிவிடும். ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும்கூடப் போதும்.

பட்டன் பேட்டரி கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உணவுக்குழாயில் மாட்டியதும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அங்கேயே காரம் (அமிலம் போலவே அரிக்கும் ரசாயனம்) உருவாகி, 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விளக்கு எரியாத பழைய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும்.

அதனால் இவை இரண்டும் பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும், உயரமான அலமாரி போதாது. அப்புறம், விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.